கங்காணிக்கு இனிப்பு நீர்

மிருக டாக்டர் வேலைக்கு வந்த முதல் ஆண்டிலேயே இனிப்பு நீர் என்னும் சர்க்கரை நோய் கண்ட பூனை ஒன்றை நீங்கள் பார்த்துவிடுவீர்கள். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை வேளை என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் படித்த காலத்து மருந்துகளில் பாதி இப்போது கிடையாது. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். அந்தப் பூனைக்கு வைத்தியம் பார்க்கப்போவது நீங்கள் இல்லை. நீங்கள் மருந்தை எழுதிவிட்டு அடுத்த நாயைக் கூப்பிடுவீர்கள். காலையும் மாலையும் ஊசியைக் கையில் எடுக்கப்போவது ஒரு சமையலறையில் நிற்கும் யாரோ ஒருவர். அவர் யார், அவர் வீட்டில் என்ன நடக்கிறது, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் வராது. அதனால்தான் சிரம்பானில் நான் கிளினிக் நடத்திய கடைசி ஆண்டுகளில் பக்கத்து ஊரான லாபுவிலிருந்து வந்த ஒரு பூனையைப் பற்றி உங்களுக்குச் சொல்கிறேன்.

அதன் பெயர் கங்காணி. செம்பட்டை நிறம், பெரிய தலை, கடுவன். துணி துவைத்துப் போடும் கூடை ஒன்றில் அதை வைத்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்தார் சரோஜா. அறுபது வயதைத் தாண்டியவர். நீலாயில் தொழிற்சாலை ஒன்றின் உணவகத்தில் சமையல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கணவர் முனியாண்டி எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். முந்தைய ஆண்டுதான் இறந்திருந்தார். பூனை அவர் எடுத்து வளர்த்தது. தினமும் காலையில் வீடு வீடாகப் போய் எல்லாரும் எழுந்துவிட்டார்களா என்று பார்த்துவருமாம். தோட்டத்தில் காலையில் ஆட்களை எண்ணிப் பெரட்டு எடுக்கும் கங்காணி மாதிரி இருக்கிறதே என்று அவர்தான் அந்தப் பெயரை வைத்திருக்கிறார்.

பூனை இளைத்துப் போயிருந்தது. குளியலறை வாளியில் தலையை விட்டுத் தண்ணீர் குடிக்கிறது, குடித்துக்கொண்டே இருக்கிறது என்றார் சரோஜா. மேசையிலிருந்து இறக்கி நடக்கவிட்டேன். பின்னங்கால்களில் குதிகால் தரையில் படியப் படிய நடந்தது. இரத்தத்தைப் பார்த்தபோது சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இனிப்பு நீர்தான் என்று நான் சொன்னதும் அவர் கூடையின் கயிற்றை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். பிறகு, "இதுக்குமா டாக்டர்?" என்றார்.

முனியாண்டி இறந்தது இனிப்பு நீரில் என்று அப்போதுதான் தெரிந்தது. காலில் புண் வந்து, ஆறாமல், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே போய்விட்டார். அடுத்ததாக சரோஜா கேட்டது, பூனைக்கும் காலை எடுக்க வேண்டுமா என்பதுதான். வேண்டாம், சர்க்கரை கட்டுக்குள் வந்தால் கால் தேறிவிடும் என்றேன். ஆனால் தினமும் இரண்டு வேளை ஊசி போட வேண்டும், காதில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், சோறு, பால், பிஸ்கட் எதுவும் ஆகாது, இது ஆயுள் முழுக்கவும் இருக்கலாம் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். முடியாது என்றால் வலியில்லாமல் தூங்க வைப்பதற்கும் வழி இருக்கிறது என்பதையும் சொன்னேன். அதைச் சொல்ல உங்களுக்கு நாக்கு எழாது. ஆனாலும் சொல்லுங்கள். எதைத் தலையில் ஏற்றிக்கொள்கிறோம் என்று தெரிந்து ஏற்றிக்கொள்பவர்தான் பாதி வழியில் இறக்கி வைக்காமல் போவார்.

சரோஜா என்னை நேராகப் பார்த்தார். "வீட்டுக்காரருக்கு ஊசி போட்டதே நான்தான் டாக்டர். அவரு ஒத்துக்கிட்டதே கடைசி வருஷந்தான். லேட்டாயிடுச்சு. இதுக்கு நான் லேட்டாக விடமாட்டேன் லா."

அன்றே கற்றுக்கொண்டு போனார். இவருக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் சர்க்கரை இறங்கவில்லை. தினமும் அளந்து எனக்குச் செய்தி அனுப்புவார். ஒரு நாள் இறங்கியது போல் இருக்கும், மறுநாள் ஏறி நிற்கும். மருந்தைக் கொஞ்சம் கூட்டினேன். அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்சம் கூட்டினேன். பூனை எடை போடவில்லை, வாளித் தண்ணீரையும் விடவில்லை. என்னோடு கிளினிக்கில் வேலை பார்த்த இளம் டாக்டர் மேலும் கூட்டிப் பார்க்கலாம் என்றார். அவர் சொன்னதில் தவறு இல்லை. எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் யாரும் அதைத்தான் சொல்வார்கள். நானும் ஏறக்குறைய எழுதியே விட்டேன்.

ஆனால் அந்த எடையுள்ள பூனைக்கு அதுவரை கொடுத்ததே அதிகம். தொட்டி நிறையவில்லை என்றால் குழாயை இன்னும் திறப்பதற்கு முன்னால் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? பூனை வேறு எங்காவது சாப்பிடுகிறதா என்று சரோஜாவிடம் தொலைபேசியில் கேட்டேன். இல்லை என்றார். கேள்வி முடிவதற்கு முன்பே வந்துவிட்ட பதில் அது. மருந்தைக் கூட்டாமல் காரை எடுத்துக்கொண்டு லாபுவுக்குப் போனேன்.

அங்கே இருந்த செம்பனைத் தோட்டத்தை விற்றபோது அதில் வேலை செய்தவர்களுக்கென்று கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள் அவை. பின்னால் மிச்சமிருக்கும் செம்பனை, முன்னால் புதிதாக வந்த தாமான் குடியிருப்பு. இறங்கும் விமானங்கள் கூரைக்கு மேலேயே போவதுபோல் இருக்கும். நான் போன நேரம் கங்காணியின் காலைச் சாப்பாட்டு வேளை. சரோஜா எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். அளந்து வைத்த உணவைப் பூனை சாப்பிட்டது. ஊசி போட்டார். சரியாகவே போட்டார். பூனை உதறிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனது. நானும் பின்னாலேயே போனேன். வேலியில் ஒரு இடைவெளி. அதில் நுழைந்து பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் நேராகப் போய்விட்டது.

அங்கே ஒரு பெண்மணி தரையில் ஒரு தட்டை வைத்துக்கொண்டிருந்தார். பழைய சோறு, நெத்திலி, அதன் மேல் இனிப்பு டின் பால். கங்காணி அதை மூச்சு விடாமல் தின்றது.

அவர் பெயர் லெட்சுமி. முனியாண்டியின் தங்கை; திருமணம் செய்துகொள்ளாதவர். நான் யார் என்று சொன்னதும் அவருக்குக் குழப்பம். பூனைக்கு நோய் என்பதே அவருக்குத் தெரியாது. பூனை இளைத்துக்கொண்டே போகிறது, பசி பசி என்று கத்துகிறது, அண்ணி அதைப் பட்டினி போடுகிறார் என்று அவர் நினைத்திருக்கிறார். அண்ணன் வளர்த்த பூனை கண்முன்னால் பட்டினி கிடக்கலாமா என்று நாளுக்கு நாள் தட்டில் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். நான் மருந்தைக் கூட்டக் கூட்ட, வேலிக்கு அந்தப் பக்கம் இவர் பாலைக் கூட்டியிருக்கிறார்.

ஒரு சுவரின் இரண்டு பக்கமும் இருந்துகொண்டு இந்த இருவரும் பேசி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. காரணத்தை இருவரிடமிருந்தும் தனித்தனியாகக் கேட்டேன். காலை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த முனியாண்டி, பனிக்கட்டி போட்ட ரோஸ் சிரப் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். சரோஜா கொடுக்கவில்லை. சரோஜா கடைக்குப் போன நேரத்தில் லெட்சுமி கலக்கிக் கொடுத்திருக்கிறார். அடுத்த சில நாட்களில் காய்ச்சல் கண்டு அவர் இறந்துவிட்டார். துக்க வீட்டில் எல்லார் முன்னாலும் சரோஜா, நீ இனிப்பைக் கொடுத்துத்தான் கொன்றாய் என்று சொல்லிவிட்டார். காலை வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது யார் என்று லெட்சுமி திருப்பிக் கேட்டார். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

நான் அந்தக் கதைக்குள் நுழையவில்லை. லெட்சுமியிடம் பூனைக்கு என்ன நோய் என்பதையும், அந்தத் தட்டு அதற்கு என்ன செய்கிறது என்பதையும் சொன்னேன். இனி ஒரு கவளம்கூடக் கொடுக்கக் கூடாது என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. சரி என்று தலையை ஆட்டினார். திருட்டுச் சாப்பாடு நின்றுவிட்டால் பழைய அளவு மருந்து விஷமாகிவிடும் என்பதால், சரோஜாவிடம் திரும்பிப் போய் மருந்தைப் பாதிக்கும் கீழே குறைத்தேன். புறப்படும் முன் என் கைப்பேசி எண்ணை லெட்சுமியிடமும் கொடுத்துவிட்டு வந்தேன். யார் பணம் கட்டுகிறாரோ அவருக்கு மட்டும் எண்ணைக் கொடுப்பது நம் வழக்கம். அதை விட்டுவிடுங்கள். பூனையைத் தொடுகிற எல்லாக் கைகளிலும் உங்கள் எண் இருக்கட்டும்.

சில வாரங்கள் நன்றாகப் போயின. எண்கள் அடங்கின. பூனை தண்ணீர் குடிப்பது குறைந்தது. சரோஜாவின் செய்திகளில் உற்சாகம் தெரிந்தது.

பிறகு ஒரு நாள், கிளினிக்கில் முற்பகல் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்த நேரத்தில் என் கைப்பேசி அடித்தது. லெட்சுமி. பூனை தன் சமையலறையில் விழுந்து கிடக்கிறது, எச்சில் வடிகிறது, கால்கள் இழுத்துக்கொள்கின்றன, கூப்பிட்டால் பார்க்கவில்லை என்றார்.

காலையில் சாப்பிட்டதா என்று கேட்டேன். தெரியாது என்றார். ஊசி போட்டார்களா? தெரியாது. சரோஜா எங்கே? வேன் வந்தது, எங்கேயோ போனார், எங்கே என்று தெரியாது. கிளினிக்கின் இன்னொரு தொலைபேசியில் சரோஜாவைக் கூப்பிடும்படி இளம் டாக்டரிடம் சொன்னேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் முழங்கால் வலிக்காக மருத்துவமனையில் வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்பதும், கைப்பேசியின் சத்தத்தை அணைத்து வைத்திருந்தார் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

அந்த நிமிடத்தில் என் கையில் இருந்தவை மூன்று "தெரியாது"கள் மட்டும். சர்க்கரை இறங்கினாலும் பூனை விழும். மிகவும் ஏறிப்போனாலும் விழும். அளந்து பார்க்கும் கருவி பூட்டிய வீட்டுக்குள் இருந்தது. இப்படி ஒரு நிமிடம் உங்களுக்கும் வரும், அப்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஏறிய சர்க்கரை நாட்கணக்கில் கொல்லும், இறங்கிய சர்க்கரை நிமிடக்கணக்கில் கொல்லும். எது என்று தெரியாதபோது முதலில் நிமிடத்தைப் பாருங்கள். ஏறியிருக்கும் பூனைக்குக் கொஞ்சம் சர்க்கரை கொடுத்துவிட்டால் பிறகு சரிசெய்துகொள்ளலாம். இறங்கியிருக்கும் பூனைக்குக் கொடுக்காமல் விட்டால் சரிசெய்யப் பூனை இருக்காது.

சீனியைக் கொஞ்சம் வெந்நீரில் கெட்டியாகக் கரைத்து, விரலால் தொட்டு ஈறில் தேய்க்கச் சொன்னேன். தொண்டைக்குள் ஊற்றக் கூடாது, மூச்சில் ஏறிவிடும் என்றேன்.

"லெட்சுமி, கேக்குதா?"

"நான் செய்யமாட்டேன் டாக்டர்."

ஏன் என்று கேட்டேன்.

"நீங்கதானே ஒண்ணுமே குடுக்காதன்னீங்க? இனிப்பு குடுத்துக் கொன்னேன்னு ஒரு தடவ கேட்டாச்சு. இது செத்துப்போனா மறுபடியும் அதையேதான் சொல்வாங்க. இன்னொரு தடவ அத என்னால கேக்க முடியாது."

கூடத்தில் நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. அதட்டியிருக்கலாம். அதட்டினால் அவர் தொலைபேசியை வைத்துவிடக்கூடும். ஆறுதல் சொல்லியிருக்கலாம், அதற்கு நேரமில்லை. பயப்படுகிறவரிடம் பயப்படாதே என்று சொல்லிப் பயனில்லை என்பதை நான் எத்தனையோ கூடங்களில் பார்த்திருக்கிறேன். அவர் தலைமேல் இருக்கும் பாரத்தில் ஒரு பகுதியை நாம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"செய்யலன்னா கண்டிப்பா செத்துடும்," என்றேன். "செஞ்சும் செத்தா, நான் சொல்லித்தான் செஞ்சீங்கன்னு உங்க அண்ணிகிட்ட நானே வந்து சொல்றேன். பழி என்மேல. இப்ப சீனிய எடுங்க."

டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. கரண்டி சத்தம் கேட்டது. கைப்பேசியைத் தரையில் வைத்துவிட்டார் போலிருக்கிறது; தூரத்திலிருந்து, கங்காணி, கங்காணி என்று அவர் கூப்பிடுவது மட்டும் கேட்டது. இளம் டாக்டரிடம் கூட்டத்தை ஒப்படைத்துவிட்டு, குளுக்கோஸையும் கருவியையும் எடுத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது லெட்சுமி சமையலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பூனை அவர் மடியில் கிடந்தது. தலை நிமிர்ந்திருந்தது. அவருடைய ஆள்காட்டி விரலில் பல் பதிந்து இரத்தம் வந்திருந்தது. அதைத் துடைக்காமல் அதே விரலால் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தார். காதில் குத்திப் பார்த்தேன். அவ்வளவு சீனி உள்ளே போன பிறகும் எண் தாழ்ந்தே இருந்தது. முதலில் எவ்வளவு இறங்கியிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க எனக்கே தைரியம் வரவில்லை. நரம்பில் மெதுவாகக் குளுக்கோஸ் ஏற்றினேன். பூனை என்னைப் பார்த்துச் சீறியது. நான் கேட்ட சீறல்களிலேயே மகிழ்ச்சியான சீறல் அது.

பூனையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகக் கூடையில் வைத்துக்கொண்டிருந்தபோது சரோஜா வந்தார். என் அழைப்புகளைப் பார்த்துவிட்டு, மருத்துவமனை டாக்டரைக்கூடப் பார்க்காமல் வாடகைக் கார் பிடித்து ஓடிவந்திருக்கிறார். கணவருடைய காரியத்துக்குப் பிறகு அந்த வீட்டு வாசலை அவர் மிதித்தது அன்றுதான். பூனையைப் பார்த்தார். லெட்சுமியின் விரலைப் பார்த்தார். தரையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தார்.

"என்ன குடுத்த?" என்றார்.

"சீனி," என்றார் லெட்சுமி.

நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டிய நேரம் அது. நான் சொல்லித்தான் அவர் கொடுத்தார் என்றேன். தன்னால் முடியாது என்று சொன்னவரைக் கட்டாயப்படுத்திக் கொடுக்க வைத்தேன், கொடுத்ததால்தான் பூனை உயிரோடு இருக்கிறது, அவர் கை இல்லாவிட்டால் நான் வந்து சேர்ந்தபோது எனக்கு இங்கே வேலையே இருந்திருக்காது என்றேன். சரோஜா முழங்கால் வலியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். காலையில் மருத்துவமனைக்குப் போகும் வேன் வந்து ஹாரன் அடித்ததாம். தட்டை வைத்த கையோடு ஊசியையும் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். பூனை சாப்பிட்டதா என்று பார்க்கவில்லை. பூனை வாய் வைக்காமலே வேலியைத் தாண்டியிருக்கிறது. இந்தப் பக்கம் வந்து பசியில் கத்தியிருக்கிறது. லெட்சுமி, நான் சொன்னபடியே, ஒரு கவளம்கூடக் கொடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இருவரும் என் சொல்லைத் தட்டவில்லை. ஆனால் ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியவில்லை. பூனை விழுந்தது அந்த இடைவெளியில்தான்.

இருவரையும் காரின் பின் இருக்கையில் உட்காரவைத்து, நடுவில் கூடையை வைத்துக்கொண்டு சிரம்பானுக்கு ஓட்டினேன். பாதி வழியில், கண்ணாடியில் அவர்களைப் பார்த்துக்கொண்டே பேசினேன். எனக்கு நயமாகப் பேச வராது. இன்னொரு முறை இப்படி விழுந்தால் பூனை எழுந்திருக்காது என்றேன். அவர்கள் இப்போது இருப்பதுபோலவே இருந்தால் நான் இந்த மருந்தை எழுத மாட்டேன் என்றேன்.

"ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா, இல்ல பூனைய வேற வீட்டுக்குக் குடுத்துடலாமா? சிரம்பான் போய்ச் சேர்றதுக்குள்ள சொல்லுங்க."

சரோஜா, ஒவ்வொரு ஊசிக்கும் நாள்காட்டியில் கோடு போட்டு வேலியில் மாட்டிவிடுகிறேன், அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். வேறு எந்த வீடாக இருந்தாலும் நான் சரி என்றிருப்பேன். நீங்களும் எல்லாரிடமும் கோடு போடத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த இருவருக்கும் அது வாயைத் திறக்காமல் இருக்க இன்னொரு வழி. கோட்டுக்குக் கண் கிடையாது, பூனை தட்டை நக்கிவிட்டு நகர்ந்ததா, உண்மையிலேயே சாப்பிட்டதா என்று அது சொல்லாது என்றேன். சாப்பாடு ஒரே வீட்டில், சரோஜாவின் வீட்டில். சாப்பிடுவதைப் பார்ப்பது லெட்சுமி. சாப்பிட்டது என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் சரோஜா ஊசியை எடுக்க வேண்டும். போட்டோமா இல்லையா என்று எப்போதாவது சந்தேகம் வந்தால் போடக் கூடாது. ஒரு வேளை ஊசி தவறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது, இரண்டு முறை போட்டால் ஆகிவிடும்.

"நான் வர்றேன்," என்றார் லெட்சுமி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "பூனைக்காகத்தான்."

அப்படித்தான் தொடங்கியது. ஆரம்பத்தில் சாப்பிட்டது என்று ஒருவர் சொல்வாராம், ம் என்று மற்றவர் சொல்வாராம், அவ்வளவுதான். ஆனால் பூனை ஒரு நாளும் ஒரே மாதிரி சாப்பிடாது. பாதிதான் சாப்பிட்டது, என்ன செய்வது என்று கேட்க வேண்டியிருக்கும். நேற்று எவ்வளவு சாப்பிட்டது என்று யோசிக்க வேண்டியிருக்கும். ஒரு வாக்கியம் இரண்டானது. அந்த ஆண்டில் சரோஜாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தபோது ஊசி லெட்சுமியின் கைக்குப் போனது. முதல் நாள் தன்னால் முடியவே முடியாது என்று என்னைக் கூப்பிட்டார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மருத்துவமனைக் கட்டிலில் இருந்த சரோஜாவைக் கூப்பிடச் சொன்னேன். அவரே தொலைபேசியில் இருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிப் போட வைத்தார். அதற்குப் பிறகு எனக்கு அழைப்பு வரவில்லை.

ஒரு முறை பரிசோதனைக்கு வந்திருந்தபோது, நான் பூனையின் எடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று லெட்சுமி என்னைக் கேட்டார். அண்ணனுக்குத் தான் கொடுத்த அந்த ஒரு கிளாஸ் ரோஸ் சிரப்பால்தான் அவர் இறந்தாரா என்று. சரோஜா பக்கத்திலேயே நின்றிருந்தார்.

இந்தக் கேள்விகளும் உங்களிடம் வரும். வைத்தியம் தெரிந்தவர் என்று நம்பிக் கேட்பார்கள். இல்லை என்று சொல்லிவிடலாம். அவர் நிம்மதியாகப் போவார். ஆனால் அது எனக்குத் தெரியாத ஒன்று. தெரியாததை ஒரு தடவை இரக்கத்துக்காகச் சொல்லிவிட்டால், நாளைக்கு மருந்தின் அளவைப் பற்றி நான் சொல்வதையும் அவர் நம்பக் காரணம் இல்லை. நான் மிருக டாக்டர், உங்கள் அண்ணனைப் பார்த்ததில்லை, எனக்குத் தெரியாது என்றேன். ஆனால் ஒரு காலைத் தின்கிற நோய் ஒரு கிளாஸில் வருவதில்லை, பல வருடங்களாக வருகிறது. அது மட்டும் தெரியும் என்றேன்.

லெட்சுமி தலையைக் குனிந்துகொண்டார். பேசியது சரோஜா.

"அவரு கேட்டாரு. நான் குடுக்கல," என்றார். "கடைசியா அவரு ஆசப்பட்டுக் கேட்டது அதுதான். நீதான் குடுத்த. நான் குடுக்கலன்னுதான் எனக்கு உன்மேல அவ்வளவு கோவம்."

நான் தராசையே பார்த்துக்கொண்டிருந்தேன். எடை எவ்வளவு என்று கேட்டிருந்தால் அந்த நேரத்தில் என்னால் சொல்லியிருக்க முடியாது.

சில பூனைகளுக்கு, உணவும் மருந்தும் ஒழுங்காக நடந்தால், உடம்பு தானாகவே வேலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் நடக்காது, எதிர்பார்க்கவும் கூடாது. கங்காணிக்கு நடந்தது. எண்கள் தாழத் தொடங்கின. நான் மருந்தைக் குறைத்தேன். மறுபடியும் தாழ்ந்தன. இன்னும் குறைத்தேன். பின்னங்கால்கள் நிமிர்ந்துவிட்டன, வேலிமேல் ஏறி உட்காரத் தொடங்கிவிட்டது என்றார்கள். கடைசியில் ஒரு நாள் இருவரும் பூனையைக் கொண்டுவந்தபோது, இனி ஊசி வேண்டாம் என்று சொன்னேன்.

மகிழ்ந்து போவார்கள் என்று நினைத்தேன். சரோஜா கைகூப்பினார். லெட்சுமி பூனையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப இனிமே நான் காலையில வரவேண்டாமா டாக்டர்?" என்று கேட்டார்.

மருந்து இல்லாவிட்டாலும் நோய் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம், வாரம் ஒரு முறை காதில் குத்திப் பார்க்கத்தான் வேண்டும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அது உண்மையும்கூட. ஆனால் அதற்குள் சரோஜா கூடையை மூடிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, லெட்சுமியைப் பார்க்காமல் பேசிவிட்டார்.

"ஊசிதான வேண்டான்னாங்க? சாப்பாடு போட வேண்டாமா? இது சாப்பிட்டுச்சா இல்லையான்னு பாக்க ஆளு வேணும். ஆறரைக்கெல்லாம் நான் தேத்தண்ணி கலக்கிடுவேன், சூடா இருக்கும்போதே வந்துடு."

லெட்சுமி கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். மறுபக்கத்தை சரோஜா பிடித்தார். இருவரும் பேச்சில் மூழ்கி, என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே வெளியே போய்விட்டார்கள்.